சொந்த நலன் ஏதுமில்லை

கடிதம் எண் 41
2009 மே 4, திங்கட்கிழமை, காலை 6.20 மணி
பொருள்: காலை ஐந்து நாற்பது பேருந்து

அன்புள்ள மைத்துனருக்கு ஆசிகள்.

உமது கடிதம் சென்ற திங்களன்று கிடைத்தது. வழக்கம்போல் அதில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து ஏப்ரல் 24 என்று நானே மூலையில் எழுதிக் கோப்பில் வைத்தேன். தலைநகரத்தில், அதுவும் போக்குவரத்து வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேதி தெரியாமல் போவது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

வட்டார மன்றக் கூட்டம் ஏப்ரல் 29 அன்று நடந்தது. எங்கள் ஊரிலிருந்து பிரதான சாலைக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்தத் தடத்தில் ஓடும் ஒரே காலை வண்டியைச் சிக்கனம் என்று சொல்லி நிறுத்தக்கூடாது என்று பேசினேன். தையல் ஆலையில் இருநூற்றுப் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருக்கும் பெண்களுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. ஏழு மணிக்கு வாயிற்கதவைத் தாண்டாவிட்டால் அதுவும் போய்விடும். வண்டியை எடுத்துவிட்டால் மந்தநிலை எங்கள் ஊரில் மட்டும் நிரந்தரமாகிவிடும் என்றேன்.

தலைவர் சொன்னார்: "உலகத்துல பெரிய பெரிய பேங்கே விழுந்து கெடக்கு. நீங்க ஒரு ஓட்டை பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரமா பேசுறீங்களே ஐயா."

இருபத்தேழு நிமிடம் என்று திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். கட்சி எதுவும் இல்லாத உறுப்பினருக்கு மன்றத்தில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

நாளொன்றுக்குச் சராசரி பதினாறு பேர் ஏறினால் வண்டி தொடரும் என்றும், டிக்கெட் இயந்திரம் பழுதானதால் உறுப்பினர் சான்றளிக்கும் எண்ணிக்கையே போதும் என்றும் நீர் வாங்கித் தந்த சலுகைக்கு நன்றி. ஏப்ரல் முப்பது நாளும் நிறுத்தத்தில் நின்று நானே எண்ணினேன். கணக்கை இணைத்திருக்கிறேன்.

உம் அக்கா நலம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்

இணைப்பு: சான்றளித்த எண்ணிக்கை, இரண்டு தாள்கள்.


11.5.2009

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

தேதி போட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

உங்கள் தாள்களைப் பார்த்தேன். மொத்தம் 474. சராசரி பதினைந்து புள்ளி எட்டு. முப்பது நாளுக்கு 480 வேண்டும். ஆறே ஆறு பேர் குறைகிறார்கள், அத்தான். ஆலை முழுக்க மூடிக்கிடந்த ஐந்து நாளைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். எடையளவு ஆய்வாளராக இருந்தபோது கடைக்காரர்கள் உங்களுக்கு 'மில்லிகிராம்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இங்கேயும் நிலைமை சரியில்லை. எங்கள் பிரிவில் நாலு நாற்காலி காலி. முப்பத்தேழு தடங்களை நிறுத்தச் சொல்லிப் பட்டியல் வந்திருக்கிறது. மேலதிகாரி, "உங்க ஊருன்னா தனி சட்டமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டால் பயப்பட வேண்டும்.

உங்கள் தாளை மேலே அனுப்பாமல் என் மேசையிலேயே வைத்திருக்கிறேன். பொய் எழுதச் சொல்லவில்லை. யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அவ்வளவுதான். வேறு தாள் வந்தால் இதைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

அக்கா ஏன் போனில் ரெண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறாள்? கோபமா? பொண்ணுக்குப் பரீட்சை முடிந்ததும் எல்லோருமாக வருகிறோம் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
மைத்துனன்


கடிதம் எண் 42
2009 மே 16, சனிக்கிழமை, முற்பகல் 10.45 மணி
பொருள்: மேற்படி

அன்புள்ள மைத்துனருக்கு,

உமது அக்கறை புரிகிறது. எண்ணத் தக்கவர் எவரும் விடுபடவில்லை. எண்ணிக்கைச் சான்றுப் படிவத்தின் ஏழாவது வரி, 'இக்கோரிக்கையில் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ சொந்த நலன் ஏதுமில்லை' என்கிறது. அதன் கீழ் என் கையெழுத்து இருக்கிறது. அதைக் கிழிக்க வேண்டாம். உள்ளபடியே அனுப்பிவிடும்.

அக்காவுக்குக் கோபம் ஏதுமில்லை. சற்றுக் களைப்பு. பேத்தி வயதுப் பிள்ளைகளைப் போலத் தூங்குகிறாள்.

அத்தான்

இணைப்பு: ஏதுமில்லை.


கடிதம் எண் 43
2009 ஜூன் 8, திங்கட்கிழமை, பிற்பகல் 2.30 மணி
பொருள்: நான் மறைத்தது

அன்புள்ள மைத்துனருக்கு,

மே 25 தேதியிட்ட உத்தரவு வந்தது. 'உறுப்பினரே சான்றளித்த எண்ணிக்கையின்படி' என்ற சொற்களுடன் தொடங்குகிறது. ஜூன் 1 முதல் வண்டி இல்லை. நீர் உம்மால் ஆனதைச் செய்தீர். குற்றம் உம்முடையதன்று.

ஜூன் 3 மாலை நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை முன் ஊரார் கூடினார்கள். தையல் ஆலைப் பெண்கள் பதினொருவர் வந்திருந்தார்கள். ஒருத்தி, "ஓட்டுப் போட்டு உங்களை அனுப்பினோம். நீங்க எங்களை எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டீங்க" என்றாள். எத்தனை பேர் குறைந்தது என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆறு என்றேன். அவர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஏன் சார், செவ்வாயும் வெள்ளியும் நீங்களும் அம்மாவும் ஏறுவீங்களே. உங்களை எண்ணினீங்களா?"

இதை எழுதாமல் கடிதத்தை முடிக்க முடியாது. உம் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. ஜனவரி 9 முதல் வாரம் இருமுறை, மாவட்ட மருத்துவமனையில் டயாலிசிஸ். அந்த ஐந்து நாற்பது வண்டியில்தான் போய்வந்தோம். "அவன் வந்து அழுதுகிட்டு நிப்பான். பொண்ணு பரீட்சை முடியட்டும்" என்று உமக்குச் சொல்ல விடவில்லை.

எண்ணாமல் விட்டது மட்டும் என் முடிவு. பணியிலிருந்த முப்பத்தொரு ஆண்டுகளில் உறவினர் கடைத் தராசை நான் தொட்டதில்லை; வேறு ஆய்வாளரை அனுப்புவேன். என் மனைவியை எண்ணினால் ஏழாவது வரியில் கையெழுத்திட முடியாது என்று நினைத்தேன். அவள் கீழ்ப்படியில் கால் வைக்கும்போது கைபிடித்து ஏற்றிவிட்டு, பின்னால் ஏறுபவர்களை எண்ணத் தொடங்குவேன்.

அன்று வீடு திரும்பியதும் அவள் கேட்டாள்.

"எத்தனை பேர் குறைஞ்சுது?"

"ஆறு."

"ஏப்ரல்ல நான் எத்தனை தடவை ஏறினேன்?"

"எட்டு."

"அப்ப நான் ஒரு ஆளே போதும்" என்று சிரித்தாள். பிறகு அரிசி களைய எழுந்து போனாள்.

ஜூன் 2 அன்று பால் வண்டியில் போனோம். 5ஆம் தேதி பால் வண்டி வரவில்லை. மறுநாள் அழைத்துச் சென்றபோது அவள் பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. வெள்ளிக்கிழமைக்காரரைச் சனிக்கிழமை எடுக்க மாட்டோம் என்றார் செவிலியர். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக்கொண்டார்.

அத்தான்

இணைப்பு: மருத்துவரின் குறிப்பு, நகல் ஒன்று.


13.6.2009

அத்தானுக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அந்த ஏழாவது வரி காண்ட்ராக்டர்களுக்காகப் போட்டது. சொந்த லாரி வைத்துக்கொண்டு சாலை கேட்கிறார்களே, அவர்களுக்காக. டயாலிசிஸுக்குப் போகிற மனுஷிக்காக இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று நானே கேட்டேன். நீங்கள் 'எண்ணத் தக்கவர்' என்று எழுதினீர்கள். அந்தத் தாளை மேலே அனுப்பியது என் கை, அத்தான். என் அக்கா இல்லாத தாளில் நான் சீல் வைத்தேன்.

மேலதிகாரியிடம் போய் நின்றேன். முடிந்துபோன கோப்பு என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை 18ஆம் தேதி காரில் வருகிறேன். அக்காவை இங்கே அழைத்து வருகிறேன். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. தயவுசெய்து என்னோடு வாதம் பண்ண வேண்டாம். இப்போதைக்கு உங்களோடு பேசுகிற நிலைமையில் நான் இல்லை.


கடிதம் எண் 44
2009 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.05 மணி
பொருள்: உம் அக்கா தொடர்பானவை

அன்புள்ள மைத்துனருக்கு,

18ஆம் தேதி காலை 9.50க்கு நீங்கள் புறப்பட்டீர்கள். நீர் என்னோடு பேசவில்லை. பேசாதது சரி. அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, "சாப்பிட்டுட்டு எழுதுங்க, எழுதிட்டு சாப்பிடாதீங்க" என்றாள். தலையசைத்தேன். நீர் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பும்வரை அசைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. டீக்கடைக்காரர் வந்து கையைப் பிடித்தார்.

என்னையும் அழைத்தீர் என்று அவள் சொன்னாள். நன்றி. வர இயலாது. பால் வண்டிக்காரர் கேன்களுக்கு நடுவே நான்கு பெண்களை நிறுத்தி அழைத்துச் செல்கிறார். மற்ற ஏழு பேர் நான்கு மணிக்கே நடக்கத் தொடங்குகிறார்கள். 24ஆம் தேதி புதன்கிழமை மன்றம் கூடுகிறது. வண்டி நின்றதற்குக் காரணம் பயணிகள் குறைந்ததன்று, உறுப்பினர் தவறாக எண்ணியதுதான் என்று எழுந்து சொல்லி, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லப் போகிறேன். சிரிப்பார்கள். பழைய கோப்பைத் திறக்க அது போதாது என்பதும் தெரியும். புதிய எண்ணிக்கை எடுக்க வாரியம் அனுமதித்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியை எண்ணச் சொல்வேன். நான் எண்ண மாட்டேன்.

சமையல் பரவாயில்லை. உப்பு இல்லாமல் சமைத்துப் பழகியதால் எனக்கும் அப்படியே சமைக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. அவளுடைய பொருள்கள் வந்து சேர்ந்தனவா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளும்.

அத்தான்

இப்பொட்டலத்தில் இணைத்திருப்பவை:

1. ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், ஜனவரி 9 முதல் ஜூன் 16 வரை, தேதி வாரியாக.

2. மாவட்ட மருத்துவமனையின் மாற்றல் கடிதம், அசல்.

3. தண்ணீர் அளவுக் குறிப்பு. நாளொன்றுக்கு 800 மில்லி. சாயங்காலம் அரை டம்ளர் கூடுதலாகக் கேட்பாள். பேச்சை மாற்றினால் மறந்துவிடுவாள்.

4. மூக்குக் கண்ணாடி. அலமாரியில் விட்டுப் போனது.

5. கம்பளிச் சால்வை. இயந்திரத்தில் இணைத்த முதல் ஒரு மணி நேரம் அவளுக்குக் குளிரும். இடது தோளை முதலில் போர்த்தவும்.

6. தபால் உறைகள் பன்னிரண்டு. தபால் தலை ஒட்டி, என் முகவரி எழுதியவை. அவளிடம் கொடுக்கவும். எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.