மேடேறும் தண்ணீர்

ஜூலை 4

நில வடிவமைப்பு மாணவர்களுக்குச் சிக்கல்களைப் புதிதாக யோசித்துத் தீர்க்கச் சொல்லித்தர வேண்டுமாம். கல்லூரி முதல்வரே வீட்டுக்கு வந்து கேட்டார். பட்டம் இல்லாத கிழவனைக் கூப்பிட இவ்வளவு நாள் ஆனது. துறைத் தலைவர் என் தங்கை புருஷன். ஒப்புக்கொண்டேன். அவருக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 7

துறை வாசலில் அந்தப் படத்தை இன்னும் மாட்டியிருக்கிறார்கள். மருத்துவமனைச் சரிவுத் தோட்டம். கீழே தங்கை மாப்பிள்ளையின் கையெழுத்து. சரிவில் மண் அரிக்காமல் தண்ணீரை வளைத்து வளைத்து இறக்கும் வழியை யோசித்தவன் நான். கல் பதித்தவனும் நான். அவர் என் தாளைப் பார்த்து நகல் எடுத்தார், பரிசு வாங்கினார்.

நான் எப்போதும் மேட்டில் உட்கார்ந்து கீழே பார்த்து வரைவேன். அதனால் என் தாளில் மேடு அடியில் இருக்கும். அது தெரியாமல் அவர் தாளின் தலையில் 'மேடு', அடியில் 'பள்ளம்' என்று எழுதிவிட்டார், என் அம்புகளை அப்படியே விட்டுவிட்டார். அந்தப் படத்தில் தண்ணீர் மேடேறுகிறது! இருபத்திரண்டு வருஷமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு நாளுக்கென்று வைத்திருந்தேன்.

ஜூலை 15

இரண்டு வாரத்துக்குப் பென்சில் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரிவுக்கே கூட்டிப்போனேன். வாளியில் தண்ணீர் ஊற்று, போன வழியில் சுண்ணாம்புத் தூள் தூவு.

"சார், நாங்க தோட்டம் போடப் படிக்கிறோமா, தொட்டி கழுவப் படிக்கிறோமா?" என்றாள் ஒருத்தி. கண்ணாடிக்காரி. வாய் நீளம், கண் அதைவிடக் கூர்மை.

"தண்ணி உன்கிட்டப் பேசுறவரைக்கும் கழுவு" என்றேன்.

ஜூலை 28

இன்று கேள்வியைக் கொடுத்தேன். வாசலில் இருக்கும் படமும் இந்தச் சரிவும் ஒத்துப்போகவில்லை, ஏன்? ஐந்து காரணம் யோசி, நான்கைத் தோற்கடி. மிஞ்சுவதை வெளித் தேர்வாளர்கள் முன்னால் சொல்.

கேள்வியைப் பலகையில் மூன்று தடவை எழுதினேன். மறதி இல்லை. சந்தோஷம்.

ஆகஸ்ட் 9

தங்கை போன். "அண்ணா, பசங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? அந்த மனுஷன் சோத்துல கைய வைக்க மாட்டேங்கிறாரு."

"வைக்காட்டி போகட்டும்."

அவள் போனை வைத்துவிட்டாள். பாவம்தான். ஆனால் நான் பட்டது? அதை யார் கேட்டார்கள்?

ஆகஸ்ட் 20

நாளை தேர்வாளர்கள் வருகிறார்கள். மாப்பிள்ளை பொய் சொன்னால் என்ன, மழுப்பினால் என்ன, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21

கண்ணாடிக்காரி எழுந்தாள். அச்சுப் பிழை, கட்டும்போது மாற்றியது — நான்கையும் ஒவ்வொன்றாக உடைத்தாள். பிறகு படத்தில் மேடு, பள்ளம் என்ற எழுத்துகளைக் கையால் மறைத்தாள். "இப்பப் பாருங்க. எல்லாம் சரியா இருக்கு. மேல உக்காந்து கீழ பாத்து வரைஞ்ச படம் இது. எங்க சார் போர்டுல இப்படித்தான் வரைவார்."

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

அவர் எழுந்தார். "ஆமா. அது மச்சானோடது. நான் கையெழுத்துத்தான் போட்டேன்."

அவ்வளவுதான். மழுப்பவில்லை, குரல்கூட உடையவில்லை. நான் சேர்த்துவைத்த பதில்களை எங்கே போய்ச் சொல்வது?

வெளியே வந்து தோளைத் தொட்டார். "ஒரு தடவ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், மச்சான்."

கேட்டிருந்தாவாம்! எடுத்தவன் வீட்டு வாசல்ல நான் மனுப் போடணுமா? கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 30

படத்தில் என் பெயர் ஏறிவிட்டதாம். போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6

அடுத்த பருவத்துக்கும் நானே வர வேண்டும் என்று மாணவர்கள் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வகுப்புக்கு ஒரு கேள்வி தயார் செய்யக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஏழு எழுதினேன். ஏழும் மாப்பிள்ளை செய்த தோட்டங்களில் தப்புத் தேடச் சொல்பவை. ஏழையும் அடித்தேன். எட்டாவது வரவில்லை.