மாற்றாமல் விட்டதைத் தேடிய அண்ணிக்கு

அண்ணி, எங்கே இருந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு எதையாவது படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கொஞ்சம் நிமிர்ந்து இதையும் படியுங்கள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உப்பளத்தில் தேங்கிய தண்ணீர் வடிந்து, மறுபடி பாத்தி கட்டுகிறார்கள். அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். கயல் உங்கள் அலமாரியிலிருந்து ஒரு மாயக்கதைப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அத்தை, அம்மா இதுல என்ன ஆராய்ச்சி பண்ணாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா?

திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி இங்கே மரக்காணத்துக்கு நீங்கள் வந்தபோது நான் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழ் படித்த மருமகள் என்றதும் இலக்கணம், பழம்பாட்டு என்று நாங்கள் என்னென்னவோ நினைத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால் அட்டையில் மந்திரவாதியும் விண்கலமுமாக மாத நாவல்கள். தமிழில் வந்த மாயக்கதைகளையும் அறிவியல் புனைகதைகளையும் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னீர்கள். "அதுல ஆராய என்னம்மா கெடக்குது?" என்றார் அப்பா. உங்கள் கல்லூரியிலும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் நல்ல தமிழில்.

அப்பாவுக்கு நீங்கள் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "மாமா, இந்தக் கதை எழுதறவங்க எதை வேணா மாத்தலாம். வானத்துல ரெண்டு சூரியனை வைக்கலாம், செத்தவங்களை எழுப்பலாம், யாரும் கேக்க முடியாது. அப்படி எல்லாத்தையும் மாத்த வசதி இருக்கிறப்ப, எதை மாத்தாம விட்டாங்கன்னு பாக்கணும். அவங்க நிஜமா நம்பறது அங்கதான் இருக்குது." அப்பாவுக்கு எவ்வளவு புரிந்ததோ. அதற்குப் பிறகு உங்கள் படிப்பைப் பற்றி யாராவது கேலி பேசினால் அவர் முறைக்க ஆரம்பித்தார்.

பொம்மையார்பாளையத்து எழுத்தாளர் ஐயாவின் வீட்டுக்குப் போன அந்த மதியத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் விண்வெளி நாவல்களாக எழுதித் தள்ளியவர். இப்போது எங்கும் கிடைக்காத தன் புத்தகங்களையெல்லாம் உங்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். அவரைப் பற்றி நீங்கள் எழுதிய அத்தியாயத்தில் பாதி பாராட்டு, பாதி கண்டிப்பு. "பெரியவர் மனசு நோகும், அந்தப் பாதியை எடுத்துடுங்க" என்றார் உங்கள் நெறியாளர். நீங்கள் எடுக்கவில்லை. ஆனால் அதை அச்சில் பார்த்து எழுத்தாளர் ஐயா தெரிந்துகொள்ளக் கூடாது, உங்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று கிளம்பினீர்கள். ஸ்கூட்டர் ஓட்டியது நான்.

முதலில் பாராட்டைப் படித்தீர்கள். அவர் நாவலில் ஒரு வெள்ளைக் கோள் வரும். தரையின் கண்கூசும் வெளிச்சத்தில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. குரலை வைத்தே ஆளை அடையாளம் காண்பார்கள். அந்தக் கோள் வேறெங்கும் இல்லை, உச்சி வெயிலில் நம் உப்பளம்தான் என்று நீங்கள் வரிவரியாக நிறுவியிருந்தீர்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல இதை ஒருத்தரும் கண்டுபிடிக்கல. சின்ன வயசுல எங்கப்பா கூட அங்கதான் கெடப்பேன்" என்றார்.

நான் உங்கள் முழங்கையை அழுத்தினேன். "போதும் அண்ணி, கெளம்பலாம்." நீங்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டினீர்கள்.

அவர் நாவல்களில் மனிதர்கள் முந்நூறு வயது வாழ்ந்தார்கள், கடலுக்கடியில் ஊர் கட்டினார்கள். ஆனால் எந்தக் கப்பலிலும் சோறாக்கியவள் ஒரு பெண்தான். சமையல் செய்யும் ரோபோவுக்குக்கூடப் பெண் குரல், பெண் பெயர். 'நட்சத்திரங்களைத் தாண்டிப் போன இந்தக் கற்பனை, அடுப்பங்கரை வாசலைத் தாண்டவில்லை' என்று முடித்தீர்கள்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றிருந்தார். "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிம்மா" என்றார். நீங்கள் அவரைப் பார்த்துத் திரும்ப ஒருமுறை படித்தீர்கள்.

எழுத்தாளர் ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வெயில் தாழ்ந்துடுச்சு, கெளம்புங்க" என்றார். எப்போதும் கேட் வரைக்கும் வருகிறவர் அன்று எழுந்திருக்கவில்லை.

கூனிமேட்டைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். சாலையோரத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "நான் மரியாதையாத்தான சொன்னேன், வசந்தி?" என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள் என்றேன். "அப்ப விட்டுடலாம் இல்ல அண்ணி, எதுக்கு வம்பு?" என்றும் கேட்டேன். "வெறும் புகழ்ச்சி எழுதினா நான் அவரைப் படிக்கவே இல்லன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினீர்கள். அவ்வளவு துணிச்சலாக இருப்பவர்கள் அழவும் செய்வார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போனே இல்லை. உங்கள் வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் நாங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "மக்கள் பொழுதுபோக்காகப் படித்த கதைகளை இவ்வளவு கறாராக எடைபோடுவது நியாயமா?" என்று கேட்டார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, அந்த நாவல் எழுதினவன் நாந்தான். இந்தம்மா சொல்றது எல்லாத்தையும் நான் ஒத்துக்கல. அந்த ரோபோ விஷயம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா என்னைப் படிச்சவங்க எல்லாம் அடுத்த கதை எப்ப வரும்னுதான் கேட்டாங்க. ஏன் இப்படி எழுதினீங்கன்னு கேட்டது இவங்க ஒருத்தங்கதான். இது ஆராய்ச்சி இல்லன்னா வேற எதுங்க ஆராய்ச்சி?"

நீங்களாவது நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தீர்களா? "ரோபோ பத்தி நான் சொன்னது சரிதாங்க ஐயா" என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டீர்கள். தேர்வாளரை மறந்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் வாதாட, அரங்கமே சிரித்தது. அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றார். என்ன பெருமை அவர் முகத்தில்.

இப்போதைய செய்திக்கு வருகிறேன். மாயக்கதைகளைப் பற்றி நீங்கள் அலைந்து கேட்ட அந்த விருப்பப் பாடத்தை உங்கள் கல்லூரியில் இந்த வருடம் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் உங்களுக்கு நினைவுக் கூட்டம். உங்கள் துறையிலிருந்து ஒரு மேடம் என்னைக் கூப்பிட்டு, "வீட்டு வேலையையும் பாத்துக்கிட்டு, குழந்தையையும் வளத்துக்கிட்டு அவங்க எப்படிப் படிச்சாங்கன்னு குடும்பத்துல ஒருத்தர் சொன்னா நல்லா இருக்கும்" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கக் கடையில் வேலை ஓடவில்லை. மறுபடி நானே கூப்பிட்டேன். "அது வேணாங்க. அவங்க எழுதினதைப் பத்தி நான் பேசறேன்." அவர் தயங்கினார். "நீங்க தமிழ் எம்.ஏ.வா?" "இல்லீங்க. அவங்க புத்தகத்தைப் படிச்சவ."

உண்மையில், புத்தகமாக வந்த உங்கள் ஆய்வை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். புரியாத சொற்களுக்குக் கயல் அகராதி பார்த்துச் சொல்கிறாள். ஓர் இடத்தில் நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை அண்ணி. மாயக்கதைகளில் எங்கோ பறந்துபோன பெண்கள் கடைசியில் வீட்டுக்கே திரும்பிவிடுவது, எழுதியவர்களின் பயம் என்கிறீர்கள். பயம் மட்டும்தானா? கதை கேட்கிறவர்களில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் இருக்க மாட்டார்களா? போனவள் ஒரு கதையிலாவது திரும்பி வரட்டும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்களா?

மேடையில் இதைக் கேட்கப்போகிறேன். அதற்குள் கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். இது சத்தியம்.

உங்களோடு வாதாடத் தயாராகும்
உங்கள் நாத்தனார்,
வசந்தி