இருபதுக்குக் காத்திராதவளுக்கு

அட்டைப்பெட்டி மூடிக்குள் இருபது முகப் பகடை உருளும் சத்தம் இன்று மதியம் உன்னைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டது. மங்கலத்தில், ரஹீம் அண்ணன் வீட்டில், எங்கள் ஆட்டத்தில் புதிதாய்ச் சேர்ந்த தூத்துக்குடிக்காரர் முதல் வீச்சிலேயே இருபது போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். வேண்டிய நேரத்தில் உனக்கு ஒருமுறைகூட விழாத இருபது.

நீ பனியன் கம்பெனி லைனில் செக்கிங், நான் பேக்கிங். அங்கே துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடும் ரஹீம் அண்ணன்தான் நமக்கு இந்த விளையாட்டைக் காட்டினார். அவர் கதை சொல்வார். நாம் அதற்குள் ஆட்களாய் இருப்போம். நீ தெய்வத்துக்குச் சத்தியம் செய்துகொடுத்த வாள்வீராங்கனை, நான் காயம் ஆற்றுபவள். உன் வாள் எதிரி மேல் பட்டது என்று பகடை சொன்ன பிறகு, உன் அருள்சக்தியில் ஒரு பங்கைச் செலவழித்து அந்த அடியோடு ஒளியையும் இறக்கலாம். அதுதான் ஸ்மைட். நாளுக்கு இரண்டே முறை. இருபது விழுந்தால் கிரிட்டிக்கல். வாளின் பகடைகளோடு ஸ்மைட்டின் பகடைகளும் இரட்டிப்பாகும். அதனால் விவரமானவர்கள் இருபது வரும்வரை ஸ்மைட்டைத் தொடமாட்டார்கள்.

நீ தொடுவாய். ஒருமுறை கதையில், பாலத்தின் மேல் ஓர் அரக்கன் என்னை வீழ்த்தியிருந்தான். உனக்குப் பதினைந்து விழுந்தது.

"பட்டிருச்சு. ஸ்மைட் போடறியா கண்ணு?" என்றார் அண்ணன்.

"வெச்சுக்கோ புள்ள, இருபது விழுகட்டும்" என்றேன் நான்.

"இருபது எப்ப விழுகும்னு யாருக்குத் தெரியும்? இப்பப் பட்டிருக்குதல்ல? போடுங்கண்ணா."

அரக்கன் சாகவில்லை. ஆனால் தடுமாறிப் பின்வாங்கினான். நீ என்னை இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாய். சக்தியை வீணடித்தாய் என்று அன்று உன்னோடு சண்டை போட்டேன்.

பிறகு ஒருநாள் கம்பெனியில் டெய்லர் செல்வியின் விரலில் ஊசி இறங்கியது. வேகமாய் ஓடட்டும் என்று மெஷினில் விரலைக் காக்கும் தடுப்பான ஊசிக் கார்டைக் கழற்றியிருந்தார்கள். அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டார் மேனேஜர். பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு வெளியூரிலிருந்து ஓர் அம்மா வந்த அன்று காலையில் எல்லா மெஷினிலும் கார்டு இருந்தது. லைனில் நின்ற உன்னிடம் அவர், "இது எப்பவும் மாட்டியிருக்குமா?" என்று கேட்டார்.

மேனேஜர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன்.

"இல்லீங்க மேடம். இன்னிக்குக் காலைலதானுங்க மாட்டுனாங்க." அதோடு நிறுத்தவில்லை நீ. எந்தெந்த லைன், எத்தனை நாளாக, செல்விக்கு என்ன ஆனது, எல்லாம் சொன்னாய்.

கார்டுகளை அப்புறம் யாரும் கழற்றவே இல்லை. செல்வியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றது. உன்னை மட்டும் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். படியிறங்கும்போது சிரித்தாய்: "கிரிட்டிக்கல் எல்லாம் இல்ல புள்ள, சாதா அடிதான். ஆனாப் பட்டுருச்சு."

நீ வேறு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. மண்ணரை ஊரில் உன் வீட்டு வாசலில் நின்று யாரோ ஒருவர் சொன்னார், "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நல்லா இருந்திருப்பா." காய்ச்சலுக்கு வாய் காரணமா? அந்த இடத்திலேயே திரும்பிக் கேட்டேன்.

உன் வீராங்கனை போரில் செத்ததாகக் கதையை முடிக்கலாமா என்றார் ரஹீம் அண்ணன். முடியாது என்றேன். அவள் மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

போன வாரம் ஷிப்மென்ட் அவசரத்தில் பேக்கிங் ஹாலில் தீப்பிடித்தால் வெளியேறும் வாசலை அடைத்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். "ரெண்டு நாள் பொறும்மா, வண்டி வந்துரும்" என்றார் மேனேஜர். நல்ல சமயம் பார்த்து அப்புறம் பேசலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. உன் பதினைந்து ஞாபகம் வந்தது.

"இல்லீங்க சார். இப்பவே எடுக்கோணும்."

முதல் பெட்டியை நானே தூக்கினேன். இரண்டாவதைச் செல்வி தூக்கினாள். மேனேஜர் என் பெயரைக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்ளட்டும்.