வைத்தியம் யாருக்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அத்தானின் முதுகுவலி குறைந்ததா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. வாலுவின் இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை.

போன வாரம் பள்ளியில் விளையாடிவிட்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. பந்து பட்டதம்மா என்றாள். என் காதில் ஏறவில்லை. சின்ன வயதில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததும் இப்படித்தானே ஆரம்பித்தது? சீருடையைக்கூட மாற்றவிடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர் எங்கள் இருவரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார். கெட்ட கனவு வருகிறதா, பழசு கண்முன் வந்து நிற்கிறதா என்றெல்லாம். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கும் மருந்தின் வாடை பட்டாலே மறுபடி புற்றுநோய் வார்டில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது என்றேன். அதனால்தான் பில் போடும் மேசைக்கு மாறிக்கொண்டேன், உனக்கும் சொல்லவில்லை. வாலுவோ அவளுடைய மொட்டைத் தலையில் நீ பூனை வரைந்த கதையைச் சொல்லிச் சிரித்தாளாம்.

கடைசியில், அதிர்ச்சி எனக்குத்தான் இன்னும் ஆறவில்லையாம். வாராவாரம் வரச் சொல்கிறார். நோய் வந்தது அவளுக்கு, வைத்தியம் எனக்கா? பிள்ளை பிழைத்துவிட்டாள், நான் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் வாலு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சும்மா. உங்கிட்ட சொல்லல.”

ஏன் என்று கேட்டேன்.

“காய்ச்சலுக்கு நான் பயப்படல. உன் முகம் போற போக்கைப் பாத்தாத்தான் பயமா இருக்கு.”

திட்டவா, கட்டிக்கொள்ளவா? டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கண்ணுக்குள் வைத்துக் காப்பதாக நினைத்த பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இனி அவளுக்கு உடம்பு சுட்டால் எனக்கு எப்படித் தெரியும்? தொட்டுப் பார்க்கவும் இப்போது கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை ஆலோசகரிடம் போகலாமென்று இருக்கிறேன். அங்கே என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதற்கு முன் ஒருமுறை போன் செய், அக்கா. அந்த வார்டில் என்னோடு கிடந்தவள் நீ ஒருத்திதான். வாலு நன்றாக இருக்கிறாள் என்று உன் வாயால் சொல். டாக்டர் சொல்லி நம்ப முடியவில்லை. நீ சொன்னால் நம்பிப் பார்க்கிறேன்.

வாலுவின் முத்தங்களுடன்,
உன் தங்கை