ஆளில்லா நிலையம்

நாள் 41, காலை 9:10 (இந்திய நேரம்)

இந்த நிலையத்துக்குப் பூட்டு இல்லை. அது நிறுவனத்துக்குத் தெரியும்.

நிலவின் தென்முனை, பனிச்சுரங்கம் மூன்று. பொறுப்பில் இருப்பது நான் ஒருத்தி: செங்கொடி, வயது இருபத்தாறு. பிராணவாயு 21 சதவீதம். துளைப்பான் சரி.

பிராணவாயு இயந்திரத்தை இங்கிருந்து இயக்க முடியாது. கைச்சுவிட்சு வீண்செலவு என்று கழற்றிவிட்டார்கள். உத்தரவெல்லாம் கோவை அலுவலகத்திலிருந்துதான் வரும். அதற்கான கடவுச்சொல் அங்கே வாட்ச்மேனுக்கும் தெரியும். மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன். மேலாளர் பழனியப்பன் அனுப்பிய பதில்:

"நாம என்ன அவ்ளோ பெரிய கம்பெனியாம்மா? நம்மள எவன் ஹேக் பண்ணப் போறான்? அதான் ஆன்ட்டிவைரஸ் போட்டிருக்கோம்ல."

நாள் 42, காலை 11:30

ஆயுத பூஜை. அலுவலகத்தில் காவல் கணினியை அணைத்துவிட்டார்கள். திருட்டு உத்தரவுகளைத் தடுப்பது அது ஒன்றுதான். அணைத்தால் எந்த உத்தரவும் சோதனையில்லாமல் நேரே இங்கே வரும்.

தகவல் தொடர்பில் இருக்கும் பிலோமினா அக்கா சிரித்தார்: "சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாச்சுடி. மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு. நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதாம்."

"மாப்பிள்ளை தூங்கினா வீட்டை யாருக்கா பாக்கிறது?" என்று கேட்டேன். பதிலுக்குப் பொரி படம் அனுப்பினார்.

நாள் 42, மாலை 3:40

பிராணவாயு இயந்திரம் நின்றுவிட்டது. உத்தரவு பழனியப்பன் பெயரில், சரியான கடவுச்சொல்லோடு வந்திருக்கிறது. அவர் அனுப்பவில்லை.

மாலையைப் பிய்த்துவிட்டுக் காவல் கணினியை மறுபடி இயக்கினார்களாம். அதற்குள், உள்ளே புகுந்த திருடர்கள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள்.

நாள் 42, மாலை 5:15

பிராணவாயு 20.4. திருடர்கள் பணம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியதை அக்கா படித்துக் காட்டினார்:

"உங்கள் பதிவேட்டில் ஆளில்லா நிலையம் என்று இருப்பதால் இதைத் தேர்ந்தெடுத்தோம். உயிர்ச்சேதம் எங்கள் நோக்கமல்ல."

பதிவேட்டில் நான் இல்லை. ஆள் இருந்தால் அரசுப் பாதுகாப்புச் சோதனை வரும். சோதனை வந்தால் பூட்டு போட வேண்டும். அதனால் என்னை எழுதவே இல்லை.

திருடனுக்கு இருக்கும் கூச்சம்கூட முதலாளிக்கு இல்லை.

நாள் 43, காலை 7:50

14.7. தலைவலி. உதடு நீலம்.

என் ரேடியோ அலுவலகத்தோடு மட்டும்தான் பேசும். அவர்கள்தான் திருடர்களிடம் சொல்ல வேண்டும். ஆள் இருக்கிறது என்று ஒரு வரி போதும், இயந்திரத்தை விட்டுவிடுவார்கள்.

பழனியப்பன்: "வக்கீல்கிட்ட கேட்டிருக்கோம்மா. எழுத்துல குடுத்தா நாளைக்கு நமக்கே பிரச்சினை. கொஞ்சம் பொறுத்துக்கோ."

நமக்கா?

நாள் 43, காலை 10:20

13.7. அக்கா கிசுகிசுத்தார்: "கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிட்டு சாவிய சாரே வச்சிருக்காருடி. நான் வெளியில போய்..."

அதோடு அறுந்தது.

அந்த அறைக்கு மட்டும் பூட்டு இருக்கிறது.

நாள் 43, மதியம் 12

13. விரல் தட்டவில்லை

பெயர் செங்கொடி. இரண்டு நுரையீரல். எழுதிக்கொள்ளுங்கள் பதிவேட்டில்

நாள் 43, 12:25

சார் அனுப்புங்கள். உள்ளே ஆள் இருக்கிறது. அவ்வளவுதான். அனுப்புங்கள்

12:40

அனுப்பினீர்களா