ஆனைவேலிக் கிளிப் அறுநூறு

08.03.2025, சனி

இறக்காமத்து முகைதீன்பாவா காக்கா இன்றும் போனில் கோல் எடுத்தார். "மகள், நேத்தும் ஆனை வந்து அரை ஏக்கரை மிதிச்சிட்டுப் போயிட்டு. வேலிக்கம்பி பிடிக்கிற கிளிப்பு வெள்ளிக்குள்ள வேணும்." அறுநூறுதான். பெரிய கம்பனிக்காரன் இந்தக் கொஞ்சத்துக்குத் தகடு மடிக்கிற அச்சு, டை, வெட்டமாட்டான். நான் வெட்டினேன். பிரஸ்ஸில் வைத்து அடித்துப் பார்த்தேன், மடிப்பு அச்சொட்டாக விழுகிறது. நிந்தவூரில் ஒரு பொம்பிள பட்டறை வைத்து என்னத்தைக் கிழிப்பாள் என்றவர்கள் வந்து பார்க்கட்டும்.

10.03.2025

ஒவ்வொரு தகடாகக் கையால் வைத்து, மிதியை அமத்தி, கையாலேயே எடுக்க வேண்டும். கை அகப்படாமல் இருக்கப் பூட்டிய கம்பிக்கூட்டை ஒவ்வொரு தடவையும் திறந்து மூடினால் வெள்ளிக்குள் முடியாது. கழற்றிவிட்டேன். பிரஸ்ஸில் நிற்பது கிருசாந்தி, கல்முனைப் பிள்ளை, ஆறு வருசமாக என்னோடு. "றாத்தா, கூடு இல்லாம வேணாமே" என்றாள். "வெள்ளி வரைக்கும்தான் புள்ள, பிறகு பூட்டிருவம்" என்றேன்.

11.03.2025

லுஹர் தொழப் போகும்போது பார்த்தேன், கிருசாந்தியின் சோற்றுப் பார்சல் ஆணியில் அப்படியே தொங்குகிறது. நோன்புக்காரர் முன்னால் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "போய்ச் சாப்பிடுங்க புள்ள" என்றேன். "நீங்க நோன்போட நிக்கக்குள்ள எப்பிடி றாத்தா?" என்று சிரித்தாள். எனக்கு எவ்வளவு பெருமை! தங்கச்சி ஸாலிஹாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். கிருசாந்தியிடம் இரண்டாந்தரம் சாப்பிடச் சொல்லவில்லை.

12.03.2025

கிருசாந்தியின் வலது கையில் இரண்டு விரல். யா அல்லாஹ்.

14.03.2025

எழுதித்தான் ஆக வேண்டும். முந்தநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, இன்னும் நாற்பது கிளிப். "கெதியா முடிப்பம், நோன்பு திறக்க முன்னம் வீட்ட போகலாம்" – சொன்னது நான்தான். காலையிலிருந்து அவள் வெறும் வயிறு. தலை சுற்றி முன்னால் சாய்ந்தாள். கால் மிதியில், கை டைக்குள். கூடு சுவரோரம் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா அன்னப்பிள்ளை. ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன். மஃரிப் பாங்கு கேட்டது. தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "நோன்பத் திறங்க மகள்" என்றார். அதுக்கு என்னை அடிச்சிரிக்கலாம்.

20.03.2025

முகைதீன்பாவா காக்கா வந்தார். முதலில் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார். பிறகு ஐந்நூற்று அறுபதையும் எண்ணிப் பார்த்து, "இது தாராளம் மகள், மிச்சம் தேவையில்ல" என்றார்.

தேவையில்லையாம்.

02.05.2025

கல்முனைக்குப் போனேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கையைப் போர்த்தியிருந்த சோலுக்குள் வைத்துக்கொண்டு, "நான் வேணாமெண்டு சொன்னன் றாத்தா" என்றாள்.

ஓம் புள்ள, சொன்னீங்க. அண்டைக்கு எனக்குக் காது செவிடா?

24.02.2026

கிருசாந்தி வேலைக்குத் திரும்பி மூன்று கிழமை. பிரஸ் பக்கம் போகமாட்டாள். அடித்ததை அளந்து பார்க்கிற வேலை. கூட்டை இனி ஒருத்தரும் கழற்றாதபடி வெல்ட் பிடித்துவிட்டேன்.

மறுபடியும் நோன்பு மாதம். இன்று லுஹருக்கு முன், ஆணியிலிருந்து பார்சலை நானே எடுத்து, மேசையில் பிரித்து வைத்தேன். "சாப்பிடுங்க." தலையாட்டி மறுத்தாள். "சாப்பிடுங்க புள்ள, எனக்கு முன்னாலேயே." பிறகு பையைத் துழாவி ஒரு கரண்டியை எடுத்து, இடது கையில் பிடித்தாள்.

மீன்கறியை நல்லாப் பிசைந்து, விரலை வழித்துச் சாப்பிடுகிற பிள்ளை.