மேல் தட்டில் வைத்த கஞ்சி

அன்புள்ள சலீம்,

எட்டு வருஷம் பேசாமல் இருந்தது போதும். நீ போய் இரண்டு மாதமாகிறது. இனி யாரிடம் முறைத்துக்கொண்டு நிற்பது?

உட்லண்ட்ஸ் எல்லை செக்பாயிண்டுக்குப் பக்கத்து வீட்டில் நாம் மூன்று பேர் குடியிருந்ததைப் படமாக எடுத்தாய். என் வேடத்துக்கு என்னையே கூப்பிட்டாய், மறுத்தேன். என்னுடையதைப் போலவே ஒரு கோடு போட்ட சட்டையைத் தேடிப் பிடித்து, நீயே நானாக நடித்துவிட்டாய்.

முதல் நாள் பார்க்க வந்தேன். சைவக்காரனான நான் ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுகிற காட்சி. உன் வேடத்தில் நடித்தவன் கேட்கிறான்: "என்ன சார், இங்கேயும் செக்பாயிண்டா? என் மீனுக்கு பாஸ்போர்ட் இல்லை லா." வீட்டில் நீ சொன்ன அதே கிண்டல். அரங்கமே சிரித்தது. நம்மோடு குடியிருந்த சேகரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் தேக்காவில் டீக்கடையில் என்னைப் பார்த்து, "படத்தை முழுசா பாத்தீங்களா சார்?" என்று கேட்டாய். குத்திக்காட்டுகிறாய் என்று நினைத்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன். கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கக் கூடாதா நீ?

போன சனிக்கிழமை உன் நினைவாக அதைத் திரையிட்டார்கள். "நீங்க கண்டிப்பா வரணும் அண்ணே" என்று உன் மனைவி சொன்னதால் போனேன். கடைசிவரை இருந்தேன்.

கடைசிக் காட்சியில் என் வேடத்தில் இருக்கிற அந்த ஆள் டேப்பைப் பிய்த்துவிட்டு, தன் மேல் தட்டில் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சியை வைக்கிறான்.

நாம் அந்த வீட்டில் இருந்தபோது ஒரு நோன்பு மாதத்தில் வேலை நேரம் மாறி, உனக்குப் பள்ளிவாசல் கஞ்சி கிடைக்கவில்லை. அரை நாள் விடுப்பு எடுத்து வரிசையில் நின்று வாங்கி வந்தேன். கீழே உன் தட்டில் இடமில்லை. ஆட்டுக்கறி போட்ட கஞ்சி, என் தட்டில். யார் வைத்தது என்று கேட்டாய், தெரியாது என்றேன். நீயும் நம்பியதுபோல் இருந்துவிட்டாய்.

கோபம் அடியோடு போய்விட்டது என்று நினைக்காதே. படத்தில் நீ நடக்கிற நடை என் நடையே இல்லை.

அடுத்த நோன்புக்கு, கேலாங்கில் உன் மனைவி வீட்டுக்கு ஒரு தூக்குக் கஞ்சி வரும். கொண்டுவருவது நான்தான். இந்த முறை தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

உன் நினைவு மலருக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். பெயர் போடவில்லை. அன்றைக்குத் தூக்கிலும் பெயர் இல்லை, நீ கண்டுபிடித்துவிட்டாயே.

உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவன்